ஓரம் அடித்த கபன்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க பயணமா?" என்று கேட்பார்கள். "இப்ப இல்ல, பிறகு" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். எங்கே, எப்போது என்று எனக்கே தெரியாத பயணத்தைப் பற்றி என்ன விளக்கம் கொடுப்பது?

கல்முனைக் கரையில் இப்படிப் பை வைத்திருப்பது எங்கள் வீடு மட்டுமில்லை. கடல் ஒருமுறை ஊருக்குள் வந்துபோனதிலிருந்து பலருக்கும் இது பழக்கம். அதற்கு முன்னாலும் இருந்தது. அப்போது பையாக இல்லாமல் துணி மூட்டையாக இருந்தது, பயமும் தண்ணீரைப் பற்றியதாக இருக்கவில்லை. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, கல்யாணப் பதிவு எல்லாம் ஒரு பொலித்தீன் உறைக்குள். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு உடுப்பு, பிஸ்கட் பக்கற், உம்மாவின் தொய்வுக்கு, மூச்சு இழுக்கும்போது வாயில் அடிக்கிற ஒரு பம்ப். நான் கட்டிய பை அவ்வளவுதான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

அதை இரண்டு கையாலும் தூக்க முடியாதபடி ஆக்கியவர் என் கணவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இவர் இறக்காமத்திலிருந்து வந்து சேர்ந்தார். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்குக் காவல் இருந்து வளர்ந்தவர். வெளியே ஏதாவது சரசரத்தால் நான் மனிதர்களை நினைப்பேன், அவர் யானையை நினைப்பார். இரண்டு விதமான பயமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் பை பாரமாகத்தான் செய்யும்.

கலவரக் காலத்துக்கு என்னென்ன கட்டிவைக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள் நின்று பேசுகிற வீடியோ அவருக்கு எங்கிருந்தோ கிடைத்தது. பேச்சில் பாதி விளங்காது, சாமான்கள் விளங்கும். டோர்ச் வந்தது. அதற்குப் பெற்றரி, பெற்றரிக்கு மேல் பெற்றரி. நைலோன் கயிறு, விசில், மெழுகுதிரி, ஒரு கத்தி. ஒருநாள் ஒரு சுருள் வயரோடு வந்தார்.

"வயர் என்னத்துக்கு?"

"தேவப்படும்."

"அதான் என்னத்துக்கு எண்டு கேக்கன்."

"தேவப்படக்குள்ள தெரியும்தானே."

இப்படிப்பட்ட பதிலுக்கு மேல் ஒரு மனைவி என்ன கதைப்பது? இறக்காமத்துக்குப் போய் வந்த ஒரு கிழமை, கடதாசி சுற்றிய இரண்டு யானை வெடிகளையும் கொண்டுவந்து பையின் பக்கத்துப் பொக்கற்றுக்குள் செருகினார். வயலுக்குள் யானை இறங்கினால் விரட்டக் கொளுத்துகிற வெடி. அந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு மூலையில் கிடக்கும். கடற்கரையில் எந்த யானை வரப்போகிறது என்று நான் சிரித்தேன். "ஓடுற பாதையில வரும்" என்றார். சத்தியமாக அதைத்தான் சொன்னார். ஓடுவதென்றால் வயல் பக்கம் ஓடுவது என்றே அவர் மனதில் இருந்தது.

பைக்குள் கடைசியாகத் தன் சாமானை வைத்தது உம்மா. நான் உடுப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொதியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். கற்பூர வாசமும் அத்தர் வாசமும் ஒன்றாக வந்தது. ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த வெள்ளைத் துணி. தன் மய்யித்தைச் சுற்ற வேண்டிய கபன். எங்கள் தெருவில் பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற ராத்தாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு வேண்டிய ஐந்து துண்டாக அளந்து வெட்டியும் வைத்திருந்தார். இடுப்புக்கு ஒன்று, கழுத்து திறந்த சட்டைத் துண்டு ஒன்று, முக்காடு ஒன்று, முழு உடம்பையும் சுற்றுகிற பெரிய துண்டு இரண்டு.

"ஓடுற பேக்குக்குள்ள இது எதுக்கும்மா?"

"நீங்க உசிரோட இரிக்கிறதுக்குச் சாமான் வெச்சிரிக்கீங்க. நான் போற வழியில மவுத்தானா எதச் சுத்துவீங்க?"

உம்மா கேட்டது சும்மா இல்லை. அவர் கல்யாணமான புதிதில், வயல் ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து குடும்பமே ஓடிவந்தது. வரும் வழியில், ட்ரக்டர் பெட்டிக்குள், உம்மாவின் வாப்பா மவுத்தானார். நெஞ்சு வலி. யாரும் வெட்டவில்லை, சுடவில்லை, ஓட்டமே கொன்றுவிட்டது. கடைகள் பூட்டு. வெள்ளைத் துணி கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அறிமுகமில்லாத ஒரு வீட்டார் கொடுத்த பூப்போட்ட பெட்சீட்டில் சுற்றி அடக்கினார்கள். பெரிய சிவப்புப் பூ என்பார் உம்மா. அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லமாட்டார்.

ஆகவே கபன் பையின் அடியில் போனது. பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதன் பாரத்தில் ஆணி மெதுவாக வளைந்து வருவதைப் பார்த்து, அவர் இன்னும் பெரிய ஆணியாக அடித்தார்.

பிறகு அந்த வருடம் வந்தது. நாட்டின் வேறு ஊர்களில் குண்டுகள் வெடித்தன. வெடிக்கவைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போலவே இருந்தன. டீவிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம், அழுகிறபோதே வெட்கப்பட்டோம். கொஞ்ச நாளில் எங்கள் கரையிலேயே அதே சத்தம் கேட்டது. எங்கள் யன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது. மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரடங்கு.

பட்டப்பகலில் வெறிச்சோடிய தெருவை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அன்று இருந்தது வேறு. வெயில் வழக்கம்போல அடித்தது, முருங்கையில் காகம் இருந்தது, எதிர் வீட்டுக் கொடியில் சாறன்கள் காய்ந்தன. ஆனால் கடல் கேட்டது. எங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு கிட்டவும் இல்லை. சந்தைச் சத்தமும் ஓட்டோச் சத்தமும் எப்போதும் கடலை மூடிவிடும். அன்று அலை ஒவ்வொன்றும் குசினிக்குள் வந்து உடைகிற மாதிரிக் கேட்டது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வாங்கு வந்தபோது ஒலிபெருக்கி இல்லை. யாரோ ஒருவர் வெறும் குரலில், தன் வீட்டாருக்கு மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு புகை எழுந்தது. முதலில் பின் வளவிலிருந்து, பிறகு இரண்டு வீடு தள்ளி, பிறகு எல்லாப் பக்கமும். சமைக்கிற புகை இல்லை, கடதாசிப் புகை. கறுத்த தாள் துண்டுகள் மதிலுக்கு மேலால் மிதந்துவந்து எங்கள் முற்றத்தில் இறங்கின. தொட்டால் தூளாகிவிடும். தொடுவதற்கு முன், சாம்பலுக்குள் அரபு எழுத்து ஒரு கணம் மினுங்கும். நடுநடுவே கிணறுகளுக்குள் ஏதோ விழுகிற சத்தம், தொப், தொப் என்று. ஒரு மனிதக் குரலும் இல்லை. ஊரே சத்தமில்லாமல் தன் அலுமாரிகளைக் காலிசெய்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ராத்தாவின் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது.

"கதைக்காத, கேளு. வீடு வீடா செக்கிங் வருதாம். அங்கால தெருவுக்கு வந்திட்டாங்களாம். பெற்றரி, வயர் கண்டா ஆம்பிளையளக் கொண்டு போறாங்களாம். வெள்ளத் துணி இரிந்தாலும் கேக்காங்களாம்."

"வெள்ளத் துணியா? அது ஏன்?"

"சாகப் போறவனுகள் உடுக்கிறதாம். எனக்கென்ன தெரியும்? கேள்விப்பட்டதச் சொல்றன்."

தலை மறைந்தது. நான் திரும்பிக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பெற்றரி, வயர், கயிறு, கத்தி, யானை வெடி, ஐந்து துண்டு வெள்ளைத் துணி. உயிர் தப்புவதற்கென்று நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பை, வெளியிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு உயிர் எடுக்கக் கட்டிய பை. ஒரு சாமானையும் மாற்றத் தேவையில்லை, பார்க்கிற கண்ணை மாற்றினால் போதும். என் கணவர் கதவடியில் நின்றார். அவருக்கும் அதே நேரத்தில் அது விளங்கியது.

"எல்லாத்தையும் கழட்டு" என்றார்.

பையைக் குசினித் தரையில் கொட்டினோம். வந்த சாமான்களை வந்த இடத்துக்கே அனுப்பிவைத்தோம். கத்தி மீன் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் போனது. கயிறு கிணற்று வாளிக்குப் போனது. வயரை அவர் பின் வளவில் துணிக்கொடியாகக் கட்டினார். நான் நல்ல உடுப்புகளையும் நனைத்து அதில் போட்டேன், வெறும் கொடி யோசிக்கவைக்கும் என்று. பெற்றரிகளில் இரண்டு மணிக்கூட்டுக்குள் போயின, மிச்சம் டீவி ரிமோட்டுக்கும் ரேடியோவுக்கும். நீண்ட காலம் நின்றுபோயிருந்த சுவர் மணிக்கூடு டிக் டிக் என்று தொடங்கியது. அதையும் கேட்டுப் பயந்தோம்.

யானை வெடிதான் பெரும்பாடு. ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார். அது மூழ்காமல் பக்கவாட்டில் மிதந்து, சின்னச் சின்னக் குமிழி விட்டது. மனுசன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கலிமாச் சொன்னார். கடதாசி ஊறிக் கிழிந்து கறுப்புத் தண்ணீரானதும், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாழையடியில் ஊற்றி மண்ணைப் போட்டு மூடினோம். இறக்காமத்தில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாமான் என்று எந்த ஆமிக்காரனுக்கு விளங்கப்படுத்துவது? அவருக்குத் தெரிந்த சிங்களம் நெல் விலை பேசக் காணும், இதற்குப் போதாது.

அட்டைகளும் உறுதியும் உடுப்பும் பிஸ்கட்டும் மறுபடி பைக்குள் போயின, கடைசியில் தரையில் மிஞ்சியது கபன் பொதி.

"பத்தவெக்க ஏலுமா?" என்றார் அவர், உம்மாவைப் பார்க்காமல்.

"உங்களுக்குப் பைத்தியமா? உம்மாட ஹஜ்ஜுத் துணியயா?"

"அப்ப கிணத்துக்குள்ள?"

உம்மா கட்டிலில் இருந்தார். புகைக்கு நெஞ்சு அடைத்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கபன் என்று உண்மையைச் சொல்லலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சாவுத் துணியை ஏன் ஓடுகிற பையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்? சாவதற்குத் தயாராக இருக்கிற ஆட்களைத்தானே அவர்கள் தேடி வருகிறார்கள்? தங்கள் மவுத்தை மறக்காமல் இருங்கள் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தார்கள். அந்த ஞாபகமே அன்று குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்போல இருந்தது.

"நான் ஓரம் அடிச்சிர்ரன்" என்றேன். "பெட்சீட்டு, யன்னல் சீல, மேசைத் துணி. வீட்டுச் சாமானாகிரும். பிறகு பிரிச்சுக்கலாம்."

உம்மா தலையை ஆட்டினார். "கபனுக்குத் தையல் போடுறல்ல, மகள். தைச்சா அது உடுப்பு. உடுப்பு உசிரோட இரிக்கிறவங்களுக்கு."

"தைக்காட்டி மருமகனக் கொண்டு போயிருவாங்க உம்மா."

உம்மா அவரைப் பார்த்தார். வாழையடிச் சேறு முழங்கை வரை அப்பிக்கொண்டு நின்றார் மனுசன். வேறு நேரமென்றால் உம்மா சிரித்திருப்பார்.

"தை" என்றார்.

வீட்டில் வெள்ளை நூல் இருந்தது. நான் நீல நூலை எடுத்தேன், முழு வெள்ளையாகத் தெரியக்கூடாது என்று. என் மெஷின் கொஞ்சம் சத்தக்காரி. வேறு நாளில் தெருமுனை வரை கேட்கும் என்று எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அன்று காலால் மிதிக்கப் பயந்து, சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பித் தைத்தேன். ஒவ்வொரு தையலாக ஊசி இறங்குகிற சத்தம் தனித்தனியே கேட்டது. துணி மெஷினுக்குள் போகப் போகக் கற்பூர வாசம் எழும்பி என் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்தது. உம்மா உயிரோடு பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கபனைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய துண்டு இரண்டையும் உம்மாவின் கட்டிலுக்குப் போட்டேன், ஒன்று விரிக்க, ஒன்று போர்த்த. இடுப்புத் துண்டு சாப்பாட்டு மேசைக்கு. முக்காடு மெஷினை மூட. சட்டைத் துண்டுதான் கரைச்சல், நடுவில் தலை நுழைய வெட்டிய கழுத்து இருந்தது. அதை நீல நூலால் இழுத்து மூடி, துணியை இரண்டாக மடித்து முன் அறை யன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கடற்காற்று இரண்டு மடிப்புக்கும் நடுவே புகுந்து அதை நிரப்பியது. யாரோ அதைப் போட்டுக்கொண்டு யன்னலில் நிற்கிற மாதிரி இருந்தது. மேலே, கழுத்து வரவேண்டிய இடத்தில், நீலக் கோடு ஒன்று.

உம்மாவைப் படுக்கவைத்துப் போர்த்தினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்குட வாப்பாக்குப் பெட்சீட்டு கபனாப் போச்சு. எனக்குக் கபன் பெட்சீட்டாப் போச்சு."

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு ஆமிக்காரர்கள் வந்தார்கள். நாய் குரைக்கவில்லை, கேற் மட்டும் சத்தம் போட்டது. ஆண்களையெல்லாம் தெருவில் போய் நிற்கச் சொன்னார்கள். என் கணவர் செருப்பைப் போடாமல் போனார். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் குசினிக்குள் போனான், மற்றவன் கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்தான். இளம் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை. பைக்குள் அட்டைகளும் உறுதியும் உடுப்பும் பிஸ்கட்டும்தான். அவற்றை மேசையில், அந்தத் துணியின் மேல், ஒவ்வொன்றாகப் பரப்பினான். அரை வெறுமையான பையைத் தூக்கி என்னிடம் காட்டி, தெரிந்த தமிழில் கேட்டான்.

"எங்க போறது?"

வந்துபோகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். உம்மாவின் அறையைக் கையால் காட்டி, "ஆஸ்பத்திரி" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவன் அறைக்குள் போனான். நான் பின்னால் போனேன். உம்மா நேராக மல்லாந்து படுத்திருந்தார், கண் மூடி, கை இரண்டும் போர்வைக்குள். மூச்சிழுப்பைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, துணி அசையவில்லை. என் உம்மாவை நான் மய்யித்தாகப் பார்த்தது அந்த இடத்தில்தான். அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினான். போர்வையின் ஓரம் அவன் கையில் பட்டது. அதை விட்டுவிடாமல் விரல்களுக்கிடையில் பிடித்து, நீலத் தையலைப் பார்த்தான். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோனான்.

தெருவில் அவர் வெறுங்காலோடு நின்றார்.

பையன் மெதுவாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். கேள்வியா, வேறேதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உம்மாவின் கால் இரண்டும் வெளியே தெரிந்தன. அவன் போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினான். மூடி, கால்மாட்டுத் துணியைச் சேர்த்து மெத்தைக்கு அடியில் செருகினான். அவனுக்குத் தெரிந்து செய்தானோ, தெரியாமல் செய்தானோ, மய்யித்தின் கால்மாட்டை நாங்கள் அப்படித்தான் சேர்த்துக் கட்டுவோம். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட வந்தவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவர் திரும்பி வந்தார். பக்கத்துத் தெருவில் சிலர் திரும்பி வரவில்லை. ஒருவரை மின் அடுப்புக்கு வாங்கிய வயருக்காகக் கொண்டுபோயிருந்தார்கள். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன அதே வாயால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் தவித்தேன்.

மறுநாளே துணிகளைப் பிரிக்க முடியவில்லை. மறுபடி வருவார்கள் என்றார்கள், மறுபடி வந்தார்கள். ஆகவே வாரக்கணக்கில் நாங்கள் கபனோடு குடியிருந்தோம். அதன் மேல் தட்டு வைத்துச் சோறு தின்றோம். வந்தவர்கள் அதில் கை துடைத்தார்கள். மெஷினை மூடியிருந்த முக்காடு காற்றில்லாத மத்தியானத்திலும் நுனியில் ஆடுவதாக எனக்குத் தோன்றும். வெளியே போய்த் திரும்பும்போது யன்னலில் அந்தத் துணி நிற்கும். கேற்றடியில் ஒவ்வொரு நாளும் ஒரு கணம் என் கால் நின்றுவிடும். வீடு முழுக்கக் கற்பூரம் மணத்தது. உம்மாதான் எங்களை விட லேசாக இருந்தார். "என்ட முக்காட்டில குழம்பு பட்டிரும், தள்ளி வை" என்பார். "ஒழுங்காப் படுத்துப் பாத்திட்டன், நீளம் காணும்" என்பார். எனக்குக் கோபம் வரும். சிரிக்கிற விசயமா இது?

ஊர் அடங்கியபின் உம்மா பிரிக்கச் சொன்னார். மேசைத் துணியைப் பிரித்தேன், முக்காட்டைப் பிரித்தேன், பெட்சீட்டு இரண்டையும் பிரித்தேன். துவைத்துக் காயவைத்து மடித்தேன். அந்தக் கிழமையே உம்மாவுக்குத் தொய்வு முற்றி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். சகுனம் பார்ப்பது எங்களுக்குக் கூடாது. எனக்குத் தெரியும், அடுத்தவருக்கு ஓதியும் காட்டுவேன். ஆனாலும் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோது, யன்னலில் இன்னும் பிரிக்காத ஒரு துண்டு இருக்கிறதே என்றுதான் என் மனம் பிடித்துக்கொண்டது. தைத்தால் உடுப்பு, உடுப்பு உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்று அவரே சொன்னாரே? உம்மா வீட்டுக்கு வந்தார். நான் சட்டைத் துண்டைத் தொடவில்லை.

"அதப் பிரிச்சியா, மகள்?" என்று இடைக்கிடை கேட்பார். பெருநாள் முடியட்டும் என்பேன், மழை முடியட்டும் என்பேன், பிரிக்கிற பிளேட்டைக் காணோம் என்பேன். எத்தனையோ பெருநாள் வந்து போயின, மழையும் வந்து போனது. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். வெயிலில் அந்தத் துணி பழுப்பேறியது, நீல நூல் வெளுத்தது. எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்கிறவர்கள் "வெள்ளச் சீல போட்ட யன்னல்" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த வருடம் மறுபடி ஒரு கதை கிளம்பியது. பக்கத்து ஊரில் ஏதோ வாய்ச்சண்டை, ஒரு கடைக்குக் கல் விழுந்ததாம். தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகத் தொடங்கின. சந்தையில் கடைக்காரர்கள் வெயில் உச்சிக்கு வருமுன்னே இரும்புக் கதவை இழுக்க, நான் பாதிச் சாமானோடு அவசரமாக வீட்டுக்கு வந்தேன். தெருவில் திரும்பியதும் கடல் கேட்டது. வண்டிகள் குறைந்துவிட்டன என்று அதில் விளங்கியது. கேற்றடியில் வழக்கம்போல என் கால் நின்றது. யன்னலில் யாரும் நிற்கவில்லை.

கம்பி வெறுமையாக இருந்தது. அதன் வழியே முன் அறை முழுக்கத் தெரிந்தது. உம்மா கதிரையில் இருந்தார், மடியில் துணி. கையில் பிளேட். கண் பார்வை சரியில்லாதவர் விரலால் தடவித் தடவி இரண்டு ஓரத்தைப் பிரித்து முடித்திருந்தார். வெளுத்த நீல நூல்கள் அவர் காலடியில் கிடந்தன.

"யாரு உங்களப் பிரிக்கச் சொன்ன?" என்று கத்தினேன். சந்தைப் பை கையிலிருந்து விழுந்து வெங்காயம் உருண்டது.

"நீ பிரிக்கமாட்டாய். எனக்குத் தெரியாதா?"

"திரும்பவும் செக்கிங் வந்தா?"

"வந்தா திரும்பத் தை. ஓட வந்தா எனக்கு இது பேக்குக்குள்ள வேணும்."

"எனக்குப் பயமா இரிக்கி உம்மா."

எவ்வளவு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். உம்மா பிளேட்டைத் துணியின் மேல் வைத்தார்.

"எனக்கும் பயம்தான். மவுத்துக்கில்ல. எங்குட வாப்பா போனமாதிரி ஆருடயோ சிவப்புப் பூவோட போறதுக்குப் பயம். அத மட்டும் செஞ்சிராத, மகள்."

பிளேட்டை வாங்கிக்கொண்டேன். மிச்ச இரண்டு ஓரத்தையும் நான் பிரித்தேன். கழுத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். நூல் வெயிலில் இற்றுப்போயிருந்தது, தொட்டதும் விட்டுவிட்டது. துணியைத் தூக்கிப் பிடித்தேன். யன்னல் வெளிச்சத்தில், ஓரங்களிலும் கழுத்தைச் சுற்றியும் ஊசித் துளைகள் வரிசையாக வெளிச்சமாகத் தெரிந்தன. துவைத்தாலும் அவை மூடப்போவதில்லை.

"ஓட்டை ஓட்டையா இரிக்கி உம்மா. பழுதாக்கிட்டன்."

உம்மா துணியைத் தன் பக்கம் இழுத்து, கழுத்துப் பகுதியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். துளைகளை விரலால் தடவினார்.

"நல்லம்" என்றார். "காத்து வரும். எனக்குத் தொய்வுதானே."

நான் சிரித்தேன், அழுகை நிற்காமலே சிரித்தேன். என் கணவர் பின் வளவிலிருந்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம் இரண்டு பேரும்.

பிறகு பையைக் கட்டினேன். டோர்ச் இல்லை, வயர் இல்லை, கத்தி இல்லை. கபன் ஐந்து துண்டும் அடியில் போனது. அதற்கு மேல் அட்டைகளும் உறுதியும், அதற்கு மேல் உடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, கையை விட்டால் முதலில் தட்டுப்படுகிற இடத்தில், உம்மாவின் பம்பை வைத்தேன்.